வலது கன்னத்து முற்றுப்புள்ளி

எங்கள் புகைப்படச் சங்கத்தில் வருடத்துக்கு ஒருவராவது என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "ஆரம்பத்துல என்னென்ன படம் எடுத்தீங்க? முதல் படம் ஞாபகம் இருக்கா?" நானும் சளைக்காமல் ஒரே பொய்யைச் சொல்லி வருகிறேன். குழாயடியில் தண்ணீர் குடித்த சிட்டுக்குருவி என்பேன். தலை வெளியே போய்விட்டது, வால்தான் விழுந்தது என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், டீ வந்துவிடும், தப்பித்துவிடுவேன்.

குருவி உண்மைதான். ஆனால் அது ஒன்பதாவது படம். அதற்கு முன்னால் இருந்த எட்டும் முகங்கள். முதல் முகம் என் அக்காவுடையது. இன்றைக்கும் இருட்டறையில் நெகட்டிவைச் செருகும்முன் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இந்த ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்பேன். பாவம், கிழவிக்குக் கண் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

அந்த வருடம் எனக்கு இருபத்திரண்டு வயது. ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி வரியாக அடுக்க வேண்டும். அந்த எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். ஆறு வருடம் அவற்றையே பார்த்துப் பார்த்து, நேர் எழுத்து, மாறிய எழுத்து என்று இரண்டு வகை இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எப்படிக் காட்டினாலும் ஒரே வேகத்தில் படிப்பேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

கேமரா என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. ஊரில் கலவரம் தொடங்கியதும் அவர் வேறு ஊருக்குக் கிளம்பினார். கேமராவையும், படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரையும், மிச்சமிருந்த பிலிம், படம் கழுவும் மருந்து, காகிதத்தையும் எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். எப்படி அச்சிட வேண்டும் என்று பெட்டி மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: "நெகட்டிவின் மங்கல் பக்கம் கீழே. சந்தேகம் வந்தால் ஓரத்து எழுத்தைப் படி. படிக்க வந்தால் சரியாக வைத்திருக்கிறாய்."

எனக்கா படிக்க வராது?

அந்த மாதம் பாலத்தில் தடுப்புப் போட்டார்கள். ஆற்றைத் தாண்டுவதற்குப் படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். அந்த அறிவிப்பைக் கோத்ததே நான்தான். கடைசி வரி, "ஆள்மாறாட்டம் செய்வோர் உடனடியாகக் கைது செய்யப்படுவர்." ஆள்மாறாட்டம் என்ற வார்த்தைக்கு எங்கள் பெட்டியில் 'ஆ' பற்றாமல் இன்னொரு பெட்டியைத் திறந்தது நினைவிருக்கிறது. அப்படிப் பிடிபட்டவர்களைப் பாலத்தின் நடுவிலிருந்த தகரக் கொட்டகைக்குள் கூட்டிப்போவார்கள். போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவரும் உள்ளே போக வேண்டும்.

தடுப்புப் போட்டபோது அக்காவின் மகள் குட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான்கு வயது. இடுப்பு மூட்டில் கோளாறு. இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. அத்தான் கப்பல் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்கா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த அன்று பாலத்தை மூடினார்கள். மூன்று வாரம் ஆகியும் சீட்டு இல்லாமல் யாரையும் விடவில்லை. அக்கா சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். "மச்சத்தைத் தடவாம அவளுக்குத் தூக்கம் வராதுடி" என்பாள். அக்காவின் இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. குட்டி அதன்மேல் சுட்டுவிரலை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

சீட்டுக்குப் படம் வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்த ஒரே ஸ்டுடியோக்காரர் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். நான் எடுக்கிறேன் என்றேன். வெள்ளைப் படுக்கைவிரிப்பைச் சுவரில் தொங்கவிட்டு அக்காவை நிறுத்தினேன். செய்தி பரவி, தெருவில் இன்னும் ஏழு பேர் வந்து நின்றார்கள். குளியலறை ஜன்னலில் கம்பளியை அடித்து, சிவப்பு பல்பு மாட்டி, பட்டப்பகலில் எட்டு முகத்தையும் அச்சிட்டேன். நெகட்டிவை வைக்கும்போது சிவப்பு வெளிச்சத்தில் மங்கல் பக்கம் எது என்று தெரியவில்லை; ஓரத்து எழுத்தைப் படித்தேன். கடகடவென்று வந்தது.

அக்கா தன் படத்தை ஈரத்தோடு வாங்கிப் பார்த்தாள். "இதுதான்டி நான்!" என்றாள். "ஸ்டுடியோல எடுத்தா யாரோ மாதிரி இருப்பேன். கண்ணாடில பாக்குற மாதிரியே அச்சு அசலா எடுத்திருக்க." தெருக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காப்பியை அக்கா முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்தாள்.

இன்னொரு காரியமும் செய்தேன். படத்தின் பின்னால் அனுமதி பெற்ற ஸ்டுடியோவின் முத்திரை இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டுடியோக்காரரின் பெயரை அச்சகத்தில் இரண்டு வரியாகக் கோத்து எட்டுப் படத்துக்கும் பின்னால் அழுத்திவிட்டேன். இது திருட்டு வேலை என்று தெரிந்தேதான் செய்தேன். குட்டிக்காக என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சீட்டு வந்தது. அதிலிருந்த படத்தின் ஓரத்தைக் கடித்தாற்போல் அரசாங்க முத்திரை விழுந்திருந்தது. அக்கா மறுநாள் காலையில் பாலம் தாண்டுவதாக இருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு எதிர்வீட்டு டெய்லர் தன் படத்தோடு வந்தார்.

"என்னம்மா, எனக்குப் பொம்பளைச் சட்டை போட்டு விட்டிருக்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ணாடி போடாம வந்து குத்தம் சொல்லாதீங்க மாஸ்டர்."

"முப்பது வருஷமா பட்டன் தைக்கிறேன். ஆம்பளைச் சட்டைக்கு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? பாக்கெட்டும் வலப்பக்கம் வந்துடுச்சு பாரு. என் இதயத்தையே இடம் மாத்திட்டியேம்மா!"

அவர் சிரித்தார். நான் உள்ளே போய் நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்து எழுத்தைப் படித்தேன். படிக்க வந்தது. திருப்பிப் பிடித்துப் படித்தேன். அப்போதும் படிக்க வந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில் வந்தது. கண்ணாடிச் சட்டத்தில் இருந்த அக்காவின் படத்தைப் பார்த்தேன். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் ஏன் "இதுதான் நான்" என்றாள் என்று அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து கண்ணாடியில் மட்டுமே தன் முகத்தைப் பார்த்தவள், வேறென்ன சொல்வாள்?

மற்ற ஏழு பேர் முகத்திலும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே மூக்கு, அதே வாய். மாட்டியவள் என் அக்கா மட்டும்தான்.

அம்மாவிடமும் அக்காவிடமும் சொன்னேன். அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "உன் கையில கேமராவைக் குடுத்துட்டுப் போனான் பாரு என் தம்பி, அவனைச் சொல்லணும்." பிறகு அவள் குரலும் இறங்கிவிட்டது. "திருப்பி எழுதிக் குடுத்தா வேற சீட்டு தர மாட்டாங்களா?"

தருவார்கள். ஏன் படம் மாறியது, எந்த ஸ்டுடியோ, கூப்பிடு அந்த ஆளை என்பார்கள். முத்திரை விவகாரம் வெளியே வரும். எட்டுப் பேரும் கொட்டகைக்குள் போக வேண்டியதுதான்.

அக்கா எதுவும் திட்டவில்லை. சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குட்டி மூணு வாரமா தனியாப் படுத்திருக்கா. நாளைக்கு நான் போறேன். படத்தை மாத்த முடியாதுன்னா மூஞ்சியை மாத்து."

முதலில் கண்மையால் வைத்துப் பார்த்தேன். அடுப்படிச் சூட்டில் ஐந்தே நிமிடத்தில் கோடாக வழிந்தது. அச்சகத்துக்கு ஓடினேன். அச்சு மையைக் கொஞ்சம் டப்பாவில் வழித்துக்கொண்டேன். அது வியர்வைக்கும் மழைக்கும் அசையாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால்தான் போகும். தலைப்பு எழுத்துப் பெட்டியிலிருந்து முப்பத்தாறு பாயிண்ட் முற்றுப்புள்ளி ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். எழுத்தின் அளவை நாங்கள் பாயிண்ட் கணக்கில் சொல்வோம். அக்காவின் மச்சம் சரியாக முப்பத்தாறு பாயிண்ட் எழுத்தின் முற்றுப்புள்ளி அளவு. படத்தை அவள் முக அளவுக்குப் பெரிதாக அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, மச்சம் இருக்கும் இடத்தில் துளை போட்டேன். வாயோரத்துக்கும் காது மடலுக்கும் அட்டையைப் பொருத்தினால் துளை எங்கே நிற்கிறதோ அங்கே முற்றுப்புள்ளி. இடது கன்னத்து மச்சத்தின்மேல் வாசலினும் பவுடரும் குழைத்துப் பூசினேன்.

மறுநாள் காலையில் கயிறு கட்டிய இடம்வரை கூடவே போனேன். அதற்குமேல் சீட்டு இல்லாதவர்கள் போகக் கூடாது. தடுப்பில் நின்ற காவலருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. நிஜமாகவே ஒரு பூதக்கண்ணாடியைப் பையில் வைத்திருந்தார். சீட்டை வாங்கி, அக்காவின் கன்னத்துக்குப் பக்கத்திலேயே பிடித்தார். படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அக்காவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ரவிக்கையின் நடுவில் ஈரம் ஒரு கைக்குட்டை அளவுக்குப் பரவியிருந்தது.

"அடுத்தது" என்றார்.

நிம்மதி என்று நினைத்தீர்களா? அது தொடக்கம்தான். அடுத்த நாளும் போக வேண்டும், அதற்கடுத்த நாளும். தினமும் ராத்திரி அக்கா மண்ணெண்ணெயால் அழிப்பாள்; காலையில் ஆறு மணிக்கு மறுபடி முற்றுப்புள்ளி வைப்பேன். ஒரு நூலளவு விலகினாலும் பூதக்கண்ணாடிக்குத் தெரிந்துவிடும் என்று பயம். வைத்துவிட்டு வேலைக்குப் போனால் வேலையும் ஓடாது. வாசலில் சைக்கிள் நின்றால் திடுக்கென்று இருக்கும். சாயங்காலம் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நிற்பேன்.

முதல் வாரமே அக்கா அழுதுகொண்டு வந்தாள். பூதக்கண்ணாடி பிடித்துவிட்டார் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. பிடித்தது அவர் இல்லை.

"என்னைப் பாத்து 'நீ எங்கம்மா இல்ல'ங்கிறாடி. 'எங்கம்மாவுக்கு இங்க இருக்கும்'னு இந்தக் கன்னத்தைக் காட்டுறா. நர்ஸ் வேற பக்கத்துல நின்னு கேட்டுட்டிருக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தைச் சொல்றது? நாலு வயசுப் புள்ளைகிட்ட ரகசியம் சொல்ல முடியுமா? வார்டு பூரா சொல்லிடுவா. அங்க போய் அழிக்கலாம்னா மண்ணெண்ணெய்க்கு எங்க போறது? அழிச்சாலும் திரும்பி வர்றப்போ யாரு வைப்பா?"

ஊரிலேயே ஒரே ஒருத்திதான் அந்த ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடித்திருந்தாள். அவளுக்காகத்தான் அதைச் செய்ததே. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன்.

ஐந்து மாதம் அப்படியே போயிற்று. குட்டி கத்துவதை நிறுத்தினாள். அக்கா ஊட்டினால் சாப்பிட்டாள், கதை சொன்னால் கேட்டாள். "வா", "போ" என்றாள். அம்மா என்று மட்டும் கூப்பிடவில்லை. அக்கா அதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

மாவுக்கட்டு பிரித்து, குட்டியை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். பத்து நாளில் என்று சொல்லியிருந்தபோதுதான் பாலத்தில் ஒரு புதிய பழக்கம் வந்தது. பிள்ளையோடு வருகிறவர்களைப் பூதக்கண்ணாடி நிறுத்துவார். குனிந்து பிள்ளையிடம், "இது யாரு?" என்று கேட்பார். எங்கள் தெருமுனைப் பெண் ஒருத்தியின் கையிலிருந்த பையன், "அத்தை" என்று சொல்லிவிட்டான். சீட்டில் தாய் என்று இருந்தது. அவளைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார்கள். அவள் வீட்டுக் கதவு அதற்குப் பிறகு திறந்து நான் பார்க்கவில்லை.

"சொல்லிக் குடுத்துடலாமே அக்கா. யார் கேட்டாலும் அம்மான்னு சொல்லணும்னு."

"சொல்லிக் குடுத்தா, 'அம்மான்னு சொல்லணும்னு சொன்னாங்க'ன்னு அதையும் சேத்துச் சொல்லுவா. அவளை எனக்குத் தெரியாதா?"

அந்தப் பத்து நாளும் நான் மனுஷியாக இல்லை. அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகள் இருக்க வேண்டிய இடத்தில் மணமகனை வைத்துவிட்டேன். முதலாளி கத்தினார். கத்தட்டும் என்று இருந்தது. போய் எல்லாவற்றையும் நானே ஒப்புக்கொண்டுவிடலாமா என்று இரண்டு தடவை பாலம்வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை.

அந்த நாள் மத்தியானம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அக்கா குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்தாள். குட்டியின் ஒரு கால் குச்சியாகத் தொங்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது. பூதக்கண்ணாடி சீட்டை வாங்கினார். படம், முகம், படம். பிறகு குட்டியின் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, இது யாரு?"

குட்டி அவரைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். அந்தக் கை எந்தக் கன்னத்துக்குப் போகப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கன்னத்துக்குப் போனால் பவுடர் கலையும். "எங்கம்மாவுக்கு இங்க இருக்கும்" என்று வாய் திறந்தால் எல்லாம் முடிந்தது. கயிற்றைப் பிடித்திருந்த என் கையில் நார் ஏறியது பிறகுதான் தெரிந்தது.

குட்டி சுட்டுவிரலை அக்காவின் வலது கன்னத்தில், என் முற்றுப்புள்ளியின் மேல், வைத்தாள்.

"எங்கம்மா" என்றாள்.

விரலால் அதைத் தேய்க்கவும் தேய்த்தாள். நல்ல அச்சு மை. அசையவில்லை.

"போ" என்றார் அவர்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தோம். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தியதும் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத மாதிரி ஒரு சத்தம் வந்தது. "கூப்பிட்டாடி. ஐஞ்சு மாசம் கழிச்சுக் கூப்பிட்டா." பிறகு எழுந்தாள். "மண்ணெண்ணெய் குடு. இந்தக் கண்றாவியை இன்னியோட ஒழிச்சுடுறேன்."

துணியில் நனைத்துக் கொடுத்தேன். வலது கன்னத்தைத் தோல் சிவக்கத் துடைத்தாள். இடது கன்னத்துப் பவுடரையும் கழுவினாள். இனிக் காலையில் மாற்ற வேண்டியதில்லை என்றதும் என் அக்கா முழுசாகத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. முகத்தில் ஈரம் சொட்டச் சொட்டக் கட்டிலில் இருந்த குட்டியிடம் போய்க் கையை நீட்டினாள்.

"வாடா கண்ணு."

குட்டி அவளையே பார்த்தாள். வலது கன்னத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"எங்கம்மா எங்க?"

"நான்தான்டா அம்மா. இங்க பாரு, உன் மச்சம். இந்தப் பக்கம்தானே கேட்ட?"

குட்டி அந்தக் குச்சிக்காலை இழுத்துக்கொண்டு சுவர்வரை பின்னால் போனாள். அதற்குமேல் போக இடமில்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு வீறிட்டாள். "எங்கம்மா வேணும்! எங்கம்மாவை எங்க கொண்டு போனீங்க?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா நீட்டிய கையை மடக்கினாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மையை எடுத்துட்டு வா."

அட்டையைப் பொருத்தினேன். முப்பத்தாறு பாயிண்ட் முற்றுப்புள்ளியை மையில் தொட்டு அக்காவின் வலது கன்னத்தில் வைத்தேன். குட்டியின் அழுகை விக்கலாகக் குறைந்தது. தவழ்ந்து வந்து அக்காவின் மடியில் ஏறிக்கொண்டாள்.

பிறகு வாரத்துக்கு ஒரு அளவாகக் குறைத்தோம். முப்பது, இருபத்துநான்கு, பதினெட்டு, பதினான்கு, பன்னிரண்டு, பத்து. கடைசியில் எட்டுப் பாயிண்ட், துண்டுப்பிரசுரங்களில் வைப்போமே, அவ்வளவு சிறியது. ஒருநாள் காலையில் எதுவும் வைக்காமல் விட்டோம். குட்டி உற்றுப் பார்த்தாள். அம்மா என்று கூப்பிட்டாள். எங்களுக்கு உயிர் வந்தது.

ஆனால் தூங்கும்போது அவள் விரல் அக்காவின் வலது கன்னத்துக்குத்தான் போயிற்று. அங்கே எதுவும் இல்லை. வெறும் தோல்தான். அதைத் தடவிக்கொண்டே தூங்குவாள். மறுபக்கம், இடது கன்னத்தில், மச்சம் அப்படியே இருந்தது. அதை அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் தொட்டு நான் பார்க்கவில்லை.